வரைந்து வைக்காத ஊர்

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் இரண்டு கூட்டம் நடந்தது. முதலாவது கூட்டத்தில் எல்லோரும் வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். இரண்டாவது கூட்டம், நான் உயர்தரத்துக்கு என்ன பாடம் எடுப்பது என்பது பற்றியது. தமிழ் என்றேன், தலையாட்டினார்கள். புவியியல் என்றேன், அதற்கும் சரி. மூன்றாவதாகச் சித்திரம் என்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமாதான் கேட்டார்: "படம் கீறி என்ன புள்ள செய்யப் போறாய்?"

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. மாமாவுக்கு மட்டுமல்ல, அதே கேள்வியைத் தங்கள் பிள்ளைகளிடம் கேட்கும் எல்லாப் பெற்றோருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பில் "இயற்கைக் காட்சி வரைக" என்று சொன்னால் எங்கள் வகுப்பில் முப்பது பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் வரைவோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு தென்னை, ஓட்டு வீடு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கிற நிலம் இது. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் கிணற்றில்தான் ஏறுகிறது. தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயரில் ஆறு இருப்பவையும் கடல்நீரேரிகள்தான். ஆனாலும் முப்பது பேரும் மலை வரைந்தோம், முப்பது பேருக்கும் நல்ல புள்ளி கிடைத்தது. பாடசாலைக்கு வரும் வழியில் தினமும் பார்த்த பனையை ஒருத்தியும் வரையவில்லை.

பத்தாம் வகுப்பில் எங்கள் சித்திர ஆசிரியை ஓவியர் ஆசை இராசையாவின் படங்கள் சிலவற்றைக் கைபேசியில் காட்டினார். சின்னத் திரையில், அதுவும் வெடித்த கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். அப்படியிருந்தும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், "இந்த வெயில் எனக்குத் தெரியும்" என்பதுதான். லண்டன் வெயிலுமில்லை, நாட்காட்டியில் அச்சடித்த வெயிலுமில்லை. பன்னிரண்டு மணிக்குப் பாடசாலை விட்டு வரும்போது கண்ணைச் சுருக்க வைக்கிற எங்கள் வெயில்.

ஆசை இராசையா 1946ஆம் ஆண்டு அச்சுவேலியில் பிறந்தவர். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் பயின்றவர். சித்திர ஆசிரியராகப் பணியாற்றி, பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். இலங்கை அஞ்சல் தலைகளுக்கும் ஓவியம் வரைந்திருக்கிறார். 2020ஆம் ஆண்டு காலமானார். மனித முகங்களும் கிராமத்து நிலக்காட்சிகளும்தான் அவருடைய பெரும் உழைப்பு. யதார்த்தப் பாணி, அதாவது கண் கண்டதைக் கண்டபடி வரைகிற முறை. அவருடைய காலத்தில் நவீன ஓவியம் வேறு திசைகளில் போய்க்கொண்டிருந்தது. கண்டதை அப்படியே வரைவது பழைய விஷயம், கெமராவே போதும் என்று சொல்கிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

நான் அந்தக் கட்சியில் இல்லை. காரணம், கண்டதை வரைவது லேசான வேலை என்று நினைத்து நானே ஒரு பனையை வரைய உட்கார்ந்தேன். பனை மரத்தின் தண்டு கறுப்பு என்று பதினாறு வருடம் நம்பியிருந்தேன். காலையில் அது சாம்பல். வெயில் ஏறும்போது ஒரு பக்கம் வெள்ளிபோல் ஆகிறது. பின்னேரம் ஊதா கலந்து வருகிறது. மழை பெய்து முடிந்த பத்து நிமிடத்துக்கு மட்டும் அது உண்மையிலேயே கறுப்பு. ஓலையோ விசிறி மாதிரி இருந்தாலும் எந்த ஓலையும் எங்களுக்கு நேராக நின்று முகம் காட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் மடிந்திருக்கும். கெமரா இதையெல்லாம் ஒரு நொடியில் எடுத்துவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு நொடியில் நான் எதையும் பார்த்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்தது. தட்டையான நிலத்தில் வரைபவருக்கு வானம்தான் பெரும் பங்கு. தாளின் நடுவில் கோடு போட்டு மேலே வானம், கீழே நிலம் என்று பிரித்தால் படம் செத்துப்போகிறது. கோட்டைக் கீழே இறக்கி மூன்றில் இரண்டு பங்கை வானத்துக்குக் கொடுத்தால் வல்லைவெளி வல்லைவெளி மாதிரித் தெரிகிறது. இதைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. ஆறு தாள் வீணாகிய பிறகு தெரிந்தது.

எங்கள் பாடத்தில் வரும் ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிளும் வானத்தோடு மாரடித்தவர்தான். 1776இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஒரு மில் சொந்தக்காரரின் மகனாகப் பிறந்தவர். இத்தாலிக்குப் போய்ப் பழைய இடிபாடுகளை வரைவதுதான் பெரிய ஓவியருக்கு அழகு என்று இருந்த காலத்தில், அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போகவேயில்லை. தகப்பனின் மில், அதன் வாய்க்கால், வண்டி, தான் சின்ன வயதில் நடந்த வயல் வரம்பு இவற்றையே திரும்பத் திரும்ப வரைந்தார். 1821, 1822ஆம் ஆண்டுகளில் வெறும் மேகங்களை மட்டும் வரைந்து, பலவற்றின் பின்புறத்தில் திகதி, நேரம், காற்றடித்த திசை எல்லாம் குறித்து வைத்தார். இன்று உலகம் கொண்டாடும் அவருடைய வைக்கோல் வண்டிப் படம் 1821இல் லண்டன் கண்காட்சியில் விலைபோகவில்லை. மூன்று வருடம் கழித்துப் பாரிஸில்தான் அதற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. சொந்த நாட்டின் றோயல் அக்கடமி அவரை முழு உறுப்பினராக்கியபோது வயது ஐம்பத்திரண்டு. இசட் புள்ளியை நினைத்து இரவில் தூங்காமல் இருக்கும் எங்களுக்கு இது ஒரு சின்ன ஆறுதல்.

கொன்ஸ்டபிளிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் வரைந்த அதே காலத்தில் இங்கிலாந்தின் வயல்களில் கூலியாட்கள் பசியோடு இருந்தார்கள், கலவரங்கள் நடந்தன. அவருடைய படங்களில் அந்தப் பசி இல்லை. அழகான இடத்தை வரைகிறவர் எதை விட்டுவிடுகிறார் என்றும் நாங்கள் கேட்க வேண்டும். எங்களுக்கும் அந்தச் சோதனை வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பெற்றோர் மனதில் இருக்கும் பெரிய கேள்விக்கு வருவோம். "எங்கட மார்க்கத்தில் படம் வரையலாமா?" நான் ஆலிமா அல்ல, பத்வா சொல்ல வரவுமில்லை. ஆனால் பயந்து பயந்து தேடிப் படித்ததைச் சொல்கிறேன். படம் செய்தே சீவித்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய கடுமையான எச்சரிக்கையை அவர்கள் சொன்னார்கள். அந்த மனிதரின் முகம் மாறிப்போனது. செய்துதான் ஆகவேண்டுமென்றால் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையும்படி அவருக்கு வழிகாட்டினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அதாவது எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று எங்களுக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

திறந்த கதவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் டமஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் படங்களைப் பாருங்கள். உமையா கலீபா வலீத் கட்டுவித்து, கி.பி. 715 அளவில் முடிந்த பள்ளி அது. அதன் முற்றத்துச் சுவரில் சின்னச் சின்னக் கண்ணாடிக் கற்களைப் பதித்து ஒரு முழு நிலக்காட்சியே செய்திருக்கிறார்கள். பொன் நிறப் பின்னணியில் ஆறு ஓடுகிறது, பெரிய பெரிய மரங்கள் நிற்கின்றன, மாளிகைகளும் வீடுகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மனிதர் ஒருவரும் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. அது சுவர்க்கத்தைக் காட்டுகிறது என்கிறார்கள் சிலர், அந்த ஊரின் பரதா ஆற்றைக் காட்டுகிறது என்கிறார்கள் வேறு சிலர். எதுவாக இருந்தாலும், கொன்ஸ்டபிள் பிறப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னரே மரத்தையும் தண்ணீரையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் ஒரு பள்ளிவாசலின் சுவரில்தான் அதைச் செய்தார்கள். ஆகவே நிலக்காட்சி எங்களுக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் அல்ல.

முகங்களை வரைவதா வேண்டாமா என்று அறிஞர்கள் பேசட்டும். பனைக்கு முகமில்லை. கிணற்றுக்கும் இல்லை.

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளின் கட்டளையால் சில மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். அப்போது உம்மாவுக்குப் பதின்மூன்று வயது. உடுத்த உடுப்போடு போனவர்களின் கையில் வீட்டின் ஒரு போட்டோகூட இல்லை. நான் புத்தளத்தில் பிறந்தேன். எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது நாங்கள் திரும்பி வந்தோம். சோனகத்தெருவில் உம்மம்மாவின் வீடு இருந்த இடத்தில் இடுப்பளவு சுவர் மட்டும் நின்றது. முன் அறை இருந்த இடத்தில் ஒரு வேம்பு, என்னைவிட வயது கூடியது, கிளைவிட்டு நின்றது.

ஐந்து வருடம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இரவோடிரவாகத் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். எங்கள் குருநகரில் 1933இல் பிறந்த ஓவியர் அ. மாற்குவும் அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்தவர்தான். அவரும் கொழும்பில் நுண்கலை பயின்று, சித்திர ஆசிரியராகப் பல பாடசாலைகளில் கற்பித்தவர். அவரிடம் வரையப் பழகியவர்களில் பெண் பிள்ளைகள் பலர். 1987இல் அவரைச் சிறப்பித்து 'தேடலும் படைப்புலகமும்' என்றொரு நூல் வந்தது. வாழ்நாள் முழுக்க வரைந்த ஓவியங்களை விட்டுவிட்டுப் போகவேண்டி வந்தவர், 2000ஆம் ஆண்டு காலமானார். நான் இந்த இரண்டு ஒக்டோபரையும் தராசில் வைத்து நிறுக்க வரவில்லை. வெளியே போனவர்களின் கையில் வீடு இல்லை, படமும் இல்லை. இரண்டு தடவையும் அதுதான் நடந்தது.

சென்ற நோன்பு விடுமுறையில் உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவ சொல்லச் சொல்லப் பழைய வீட்டை வரைந்தேன். முதல் தாளைப் பார்த்துவிட்டு, "இது ஆர்ட வீடு?" என்று கேட்டா. திண்ணையின் உயரம் பிழையாம். இரண்டாவது தாளில் திண்ணை சரி, கிணறு பிழை. "கிணறு அந்தப் பக்கம் இல்ல புள்ள. குசினிக் கதவைத் திறந்தா கப்பி தெரியோணும்." மூன்றாவது தாளில் கிணற்றைக் குசினிப் பக்கம் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தா. பிறகு கிணற்றுக்கட்டில் ஒரு இடத்தைத் தொட்டு, "இதில ஒரு பள்ளம் இருக்கோணும்" என்றா. வருடக்கணக்காக வாளி வைத்து வைத்துச் சீமெந்து தேய்ந்த பள்ளம். அதையும் போட்டேன். அப்போது உம்மா வந்து பார்த்து, "மாதுளை எங்க?" என்று கேட்டா. உம்மம்மா மாதுளை படலையடியில் என்கிறா, உம்மா கிணற்றடியில் என்கிறா. இரண்டு பேருக்கும் அன்று தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை. தீர்த்துவைக்க யாரிடமும் ஒரு படம் இல்லை.

நான் பார்த்த அளவில், யாழ்ப்பாணத்து நிலக்காட்சி என்றால் பனை, துலா, கிடுகு வேலி, மாட்டு வண்டி, தூரத்தில் ஒரு கோபுரம். எல்லாம் அழகுதான், எல்லாம் உண்மையும்தான். மினாரா தெரியும் வானத்தை, சோனகத்தெருவின் ஒடுங்கிய ஒழுங்கையை, நாவாந்துறைக் கரையின் வள்ளங்களைப் பள்ளிவாசல் பக்கத்திலிருந்து பார்த்த படம் ஒன்றையும் நான் இன்னும் காணவில்லை. இதற்கு அந்த ஓவியர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆசை இராசையா அச்சுவேலிக்காரர், அவர் தன் மண்ணை வரைந்தார். கொன்ஸ்டபிள் தகப்பனின் மில்லை வரைந்தார். அவரவர் ஒழுங்கையை அவரவர்தான் வரைவார். எங்கள் ஒழுங்கையை வரையவேண்டியவர்கள், படம் கீறி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்துவிட்டோம். இதுதான் என் கட்சி. வேண்டுமானால் மறுத்து அடுத்த இதழில் எழுதுங்கள்.

வெளியில் உட்கார்ந்து வரைவதும் அவ்வளவு பயங்கரமான காரியமில்லை. வாப்பா எங்கள் நான்கு பேரையும் ஒரு சனிக்கிழமை காலை கல்லுண்டாய் வெளிக்குக் கூட்டிப்போனார். பாய், தண்ணீர்ப் போத்தல், வர்ணப் பெட்டி, குடை. அரை மணி நேரத்தில் சைக்கிளில் வந்த ஒரு வயதான ஐயா காலை ஊன்றி நின்று, "என்ன பிள்ளையள், காணி அளக்கிறீங்களோ?" என்று கேட்டார். படம் வரைகிறோம் என்றதும் அவருக்கு நிம்மதி. பிறகு அவரே இறங்கி வந்து, தூரத்தில் தலையில்லாமல் நின்ற இரண்டு பனைகளைக் காட்டி, "அதையும் கீறுங்கோ, செல் விழுந்து போனது" என்றார். நாங்கள் அந்த மொட்டைப் பனைகளை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பனைகளைத்தான் அதுவரை வரைந்துகொண்டிருந்தோம்! கொன்ஸ்டபிளைக் குறை சொன்ன எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெளியில் குப்பை கொட்டும் மேடும் ஒன்று இருக்கிறது. அதையும் சேர்ப்பதா என்று நாங்கள் நால்வரும் வாக்குவாதப்பட்டோம். இரண்டு பேர் சேர்த்தார்கள், இரண்டு பேர் விட்டார்கள். நான் சேர்த்தேன். நன்றாக வரவில்லை, குப்பை வரைவது பனையை விடக் கஷ்டம்.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரத்திலும் பல்கலைக்கழகம் போகலாம், அதற்கு யாழ்ப்பாணத்திலேயே துறை இருக்கிறது. சித்திர ஆசிரியையாகலாம். கட்டட வரைகலை, உடை அலங்காரம், புத்தக வடிவமைப்பு என்று கை பழகியவருக்கு வேறு வழிகளும் உண்டு. இதற்கு மேல் இதைப்பற்றி வாதாட எனக்கு விருப்பமில்லை. புவியியல் எடுத்தவளிடம் ஒருவரும் "மழையைப் படித்து என்ன செய்யப் போகிறாய்" என்று கேட்பதில்லையே.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. கல்லூரியில் சித்திரம் படிக்கிறவர்கள், படிக்காதவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, 1990க்கு முன்னர் இருந்த ஒரு வீட்டையோ கடையையோ கிணற்றையோ வரைந்து கொண்டு வாருங்கள். நன்றாக வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிழை பிடிக்க உம்மம்மாமார் இருக்கிறார்கள். தாளின் பின்புறத்தில் யார் சொன்னது, எந்தத் திகதி, வீடு எந்தத் தெருவில் என்று எழுதுங்கள், கொன்ஸ்டபிள் மேகங்களுக்கு எழுதியது போல. வருட இறுதிக் கண்காட்சியில் அவற்றைத் தெரு வரிசைப்படி மாட்டலாம். உம்மம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. அவவோடு படித்த நான்கு பேரில் இப்போது இருப்பது அவவும் இன்னொருவரும்தான். ஆகவே அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிவைக்க வேண்டாம்.

பெற்றோர்களே, ஒரு சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் தாருங்கள். பாய் நாங்கள் கொண்டுவருவோம்.

மாமா போன கிழமை வீட்டுக்கு வந்தபோது அந்த மூன்றாவது தாளை எடுத்து நெடுநேரம் பார்த்தார். நல்லது, கூடாது ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை வாங்கி, வேலியின் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டார். "இதில ஒரு ஓட்டை இருந்தது. அதுக்குள்ளால பூந்துதான் நான் பந்தடிக்கப் போறது." மாதுளை எங்கே நின்றது என்று அவரிடம் கேட்டோம். அவர் மாதுளையே இருக்கவில்லை என்கிறார்.